பாசி ஏன் வெளுக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சித்திரை பிறந்துவிட்டால் ராமநாதபுரம் கரையிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே கவலைதான் இருக்கிறது: பாசி வெளுக்கிறது, கயிறு காலியாகிறது. கல்லூரியில் தாவரவியல் கற்பித்த காலமெல்லாம் மாணவர்களை மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் அழைத்துச் சென்றவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கரையை விட்டு நகரவில்லை. எனவே இம்மாதம் இந்தப் பக்கங்களைச் சிவப்புப் பாசிகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நம் கரையில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாஃபைகஸ் அவற்றில் ஒன்று. தோட்டம், மூலிகை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அம்மா, நாங்கள் மகளிர் குழுவாகச் சேர்ந்து மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கிறோம். சித்திரையில் கட்டிய பாசி மூன்று வாரத்தில் நுனி வெளுத்து, கிளை ஒடிந்து கடலில் விழுந்துவிட்டது. பக்கத்து ஊரிலும் இதே விதைப் பாசிதான், அங்கே நன்றாக இருக்கிறது. விதை கெட்டதா, தண்ணீர் கெட்டதா?"
– ஒரு வாசகி, தொண்டி

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஓரா மீன் மேய்ந்த பாசிக்கும் நோய்கண்ட பாசிக்கும் படகிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்துப் பாருங்கள். ஓரா மேய்ந்திருந்தால் இளம் நுனிகள் மட்டும் காணாமல் போயிருக்கும். மிச்சமுள்ள தண்டு விறைப்பாக, நிறம் மாறாமல் இருக்கும். நோயாக இருந்தால் கிளையில் வெள்ளைப் பட்டை விழுந்து, அந்த இடம் கொழகொழத்து, விரல் பட்டதும் ஒடியும். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவது வகை. பிலிப்பைன்ஸ் விவசாயிகள் இதை 'ஐஸ்-ஐஸ்' என்பார்கள். 1970களிலிருந்தே அங்கே தோட்டம் தோட்டமாக அழித்து வருகிறது.

கிருமி இருக்கிறதா என்றால், இருக்கிறது. வெளுத்த இடத்தில் விப்ரியோ வகை பாக்டீரியாக்கள் ஏராளமாகக் கிடைக்கும். ஆனால் நல்ல பாசியின் மேலும் அவை குடியிருக்கின்றன. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த டேனிலோ லார்கோவும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் நீரில் வைத்த பாசி அடியோடு வெளுத்தது. உப்புத்தன்மை, ஒரு கிலோ நீருக்கு 20 கிராம் என்ற அளவுக்கு இறங்கியபோதும், வெளிச்சம் மிகவும் குறைந்தபோதும் நோய் தலைகாட்டியது. பாசி முதலில் நலிகிறது. பாக்டீரியா அதன் பிறகு நுழைகிறது.

நலிவு எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால், நீங்கள் என்ன செய்யலாம் என்பதும் தெரிந்துவிடும். சிவப்புப் பாசிக்கு நிறம் தருவது ஃபைக்கோஎரித்ரின் என்ற நிறமிப் புரதம். பச்சையம் சரியாகப் பிடிக்க முடியாத ஒளியைப் பிடித்து அதனிடம் சேர்ப்பதுதான் இதன் வேலை. நீர் சூடேறும்போது, ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளிவிடும் உறுப்பு முதலில் தடுமாறுகிறது. வெயில் மட்டும் குறைவதில்லை. பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல், செல்லுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள்கள் பெருகிப் புரதங்களையும் சவ்வுகளையும் அரிக்கின்றன. செல் சும்மா இருப்பதில்லை. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படும் காவல் புரதங்களைச் செய்து, உருக்குலைந்த புரதங்களை மீண்டும் மடித்துச் சீராக்கப் பார்க்கிறது. இதற்கு நிறையச் சக்தி செலவாகும், வளர்ச்சி நின்றுவிடும். இரவிலாவது சூடு தணிந்தால் பாசி மீண்டுவிடும். இரவும் பகலும் தணியாமல் நாள்கணக்கில் நீடித்தால் சிவப்பு நிறமி சிதைகிறது, கொஞ்ச நாள் பச்சையாகத் தெரிகிறது, பிறகு அதுவும் போய் வெள்ளையாகிறது.

ஆக, கெடுப்பது சூடும் வெளிச்சமும் சேர்ந்துதான். கடலின் சூட்டை உங்களால் குறைக்க முடியாது, வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்கலாம். சித்திரை, வைகாசியில் மிதவையை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இறக்கிக் கட்டுங்கள். நீரோட்டம் இல்லாத, முழங்கால் ஆழத்துத் தேங்கிய இடங்களை அந்த இரண்டு மாதங்களும் விட்டுவிடுங்கள். பக்கத்து ஊர்ப் பாசி பிழைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். விதை ஒன்றாக இருந்து விளைவு வேறாக இருக்கிறதென்றால் வேறுபாடு இடத்தில் இருக்கிறது. வெள்ளைப் பட்டை கண்ணில் பட்ட அன்றே, 45 நாள் ஆகட்டும் என்று காத்திருக்காமல் அறுவடை செய்துவிடுங்கள். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப் பாசி கட்டுகிறீர்கள், அந்த 60 கிலோவையாவது மீட்டுக்கொள்ள வேண்டும். வெளுத்த துண்டுகளைக் கடலிலேயே உதறாதீர்கள், கரைக்குக் கொண்டுவந்து போடுங்கள்.

"உலகம் முழுவதும் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் பாசி ஒரே செடியின் துண்டுகள் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். நம்ப முடியவில்லை. உண்மையா?"
– கடல் உயிரியல் மாணவர், தூத்துக்குடி

ஏறக்குறைய உண்மை. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் தொண்டிச் சகோதரியின் கவலைக்கு அடியில் இருப்பதும் இதுதான்.

கதை பிலிப்பைன்ஸின் தென்கோடியில், சூலூ தீவுகளில் தொடங்குகிறது. 1960களில் ஐஸ்கிரீம், பால் பொருள்களைக் கெட்டியாக்கும் கராகீனனுக்குத் தேவை ஏறியது, காட்டுப் பாசியைப் பறித்துப் பறித்துக் கடல் வெறுமையானது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி அங்கே போய், வேகமாக வளரும் செடிகளைத் தேடி, கயிற்றில் கட்டி வளர்த்துப் பார்த்தார். தேறிய வகைக்கு உள்ளூரில் தம்பலாங் என்று பெயர். அவருடன் பணியாற்றிய விசென்டே அல்வாரெஸின் நினைவாக 1985இல் அந்த இனத்துக்கு அல்வரேசி என்று பெயரிட்டார் டோட்டி. பிலிப்பைன்ஸிலிருந்து பல நாடுகளுக்கு விதை போனது. எல்லா இடத்துக்கும் போனது துண்டுகளாகத்தான். ஒரு கை நீளக் கிளையை ஒடித்துக் கயிற்றில் கட்டினால் அது செடியாகிறது, அதிலிருந்து மறுபடி ஒடிக்கலாம். வித்து முளைக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கு 1984இல் ஜப்பானிலிருந்து வந்தது. பவநகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தார் சௌராஷ்டிரக் கரையில் ஓகாவில் வைத்துப் பார்த்து, 1990களின் நடுவில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்கச் செய்ததால் எங்கள் கரையில் இன்றும் இது பெப்சிப் பாசிதான்.

2006இல் ஜுசெப்பே ஸுக்கரெல்லோவும் உடன் பணியாற்றியவர்களும் பல நாடுகளின் வளர்ப்புப் பாசியை எடுத்து, செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். வளர்ப்பு அல்வரேசி எங்கிருந்து எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆப்பிரிக்கக் கரையிலும் ஹவாயிலும் கிடைத்த பாசிகள் மட்டும் விலகி நின்றன.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள வாழைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் மரத்தின் பக்கக் கன்றைப் பெயர்த்து நடுகிறோம். கன்றும் தாயும் ஒரே உடம்பு; தாய்க்கு வந்த வாடல் நோய் கன்றுக்கும் வரும், தோட்டம் முழுவதற்கும் வரும். பாசியிலும் அதுவேதான் நடக்கிறது. தாய் எந்தச் சூட்டில் வெளுக்குமோ அதே சூட்டில் லட்சக்கணக்கான துண்டுகளும் சேர்ந்து வெளுக்கும். தமிழ்நாட்டில் 2001இல் 21 டன்னாக இருந்த உலர் பாசி உற்பத்தி 2012இல் 1,490 டன் வரை ஏறியது. 2013க்குப் பிறகு பாசி கூட்டம் கூட்டமாக இறந்து உற்பத்தி சரிந்தது. கடன் வாங்கி மிதவை கட்டிய பெண்கள் அந்த ஆண்டுகளைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும். சூடு, நோய், நீரின் நிலை என்று காரணங்களை அடுக்கலாம். அத்தனை மிதவையும் ஒரே நேரத்தில் விழுந்ததற்கு, அத்தனையும் ஒரே செடியாக இருந்தது ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

'ஏறக்குறைய' என்று நான் எழுதியதற்கும் காரணம் உண்டு. துண்டிலிருந்து துண்டு என்று பல ஆண்டுகள் போகும்போது செல்களில் சிறுசிறு மாற்றங்கள் தானே நிகழ்கின்றன. பழுப்பு நிறக் கப்பாஃபைகஸில் ஒரு கிளை மட்டும் பச்சையாக வருவதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள்; அந்தக் கிளையை ஒடித்துக் கட்டினால் பச்சையாகவே வளரும். பிலிப்பைன்ஸில் தம்பலாங், அடிக்-அடிக், சாகோல் என்று விவசாயிகளே வகை பிரித்து வைத்திருக்கிறார்கள். இவற்றில் சாகோல் இன்னோர் இனம், கப்பாஃபைகஸ் ஸ்ட்ரையேட்டஸ். ஒரு கோடையில் தப்பிய கிளையை எடுத்துத் தனியாகப் பெருக்குவது பயன் தரலாம், ஆனால் அதிலிருந்து பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தாய்க்கு இல்லாத குணம் துண்டுக்கு எளிதில் வராது. புதிய குணங்கள் பெருமளவில் பிறப்பதற்கு ஆணும் பெண்ணும் சேர வேண்டும்.

"நோன்புக் காலத்தில் கடைகளில் விற்கும் வெள்ளைக் கடல்பாசியும் இந்தப் பாசியும் ஒன்றா?"
– ஒரு இல்லத்தரசி, கீழக்கரை

இல்லை. நோன்பு திறக்க நாம் பால் ஊற்றிக் காய்ச்சும் கடல்பாசி என்பது அகார். அது மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி போன்ற வேறு சிவப்புப் பாசிகளிலிருந்து வருகிறது. கப்பாஃபைகஸிலிருந்து எடுப்பது கராகீனன். அகார் ஏறக்குறைய கொதிநிலை வரை சூடேற்றினால்தான் கரையும், ஆனால் அறைவெப்பத்திலேயே உறைந்துவிடும், ஒருமுறை உறைந்தால் வெயிலில் வைத்தாலும் எளிதில் இளகாது. இது செடியின் சுவரிலுள்ள சர்க்கரையின் குணம். உயிருள்ள பாசி வெயில் தாங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

"வெப்பமண்டலக் கடலில் பிறந்து வளர்ந்த பாசிக்குச் சூடு பழகியிருக்க வேண்டாமா? இரண்டு டிகிரி கூடினால் சாவது விந்தையாக இருக்கிறதே?"
– ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், மதுரை

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், நியாயமான நினைப்புதான். ஆனால் உண்மை வேறுவிதமாக இருக்கிறது. குளிர்நாட்டுக் கடல் குளிர்காலத்தில் ஐந்து டிகிரிக்கு இறங்கி, கோடையில் இருபதைத் தொடும். அங்கே வாழும் பாசி அந்த அகன்ற இடைவெளிக்கெல்லாம் பழக வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஆண்டு முழுவதும் நீரின் வெப்பம் சுமார் 25க்கும் 32க்கும் இடையில்தான் ஏறி இறங்குகிறது. இங்கே பரிணமித்த உயிருக்கு அதற்கு வெளியே போய்ப் பழகும் தேவை வரவில்லை. சீரான தட்பவெப்பத்தில் வாழும் உயிர்களின் தாங்கும் எல்லை குறுகியது என்று 1967இலேயே டேனியல் ஜான்சன் எழுதினார். கப்பாஃபைகஸ் 25 முதல் 30 டிகிரிக்குள் செழிப்பாக வளர்கிறது, 33ஐத் தாண்டினால் ஆபத்து. நம் கோடைக் கடல் ஏற்கெனவே 31, 32இல் நிற்கிறது. மிச்சமிருப்பது ஒன்றிரண்டு டிகிரி. 2016இல் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்ததும் இப்படித்தான். பவளமும் தன் எல்லையின் ஓரத்தில் வாழ்கிற உயிர்.

இனத்துக்கு இனம் வித்தியாசமும் உண்டு. கடலேற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடைப்பட்ட பாறையில், வற்றத்தின்போது வெயிலில் காய்ந்து கிடக்கும் பாசி ஒரே நாளில் பெரிய ஏற்ற இறக்கத்தைச் சந்திக்கிறது. அதன் செல்லில் காவல் புரதங்கள் எப்போதும் தயார் நிலையில் இருக்கும், சவ்விலுள்ள கொழுப்பமிலங்களின் விகிதத்தையும் அது மாற்றிக்கொள்ளும். எந்நேரமும் நீருக்குள் மூழ்கியே கிடக்கும் பாசிக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

சிவப்புப் பாசிக் குலத்துக்கே வெப்பம் ஆகாது என்றும் எண்ணிவிடாதீர்கள். கால்டீரியா சல்ஃபுரேரியா என்ற ஒருசெல் சிவப்புப் பாசி, அமிலம் கொதிக்கும் வெந்நீரூற்றுகளில் 56 டிகிரி வரை வாழ்கிறது. 2013இல் அதன் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள், பாக்டீரியாக்களிடமிருந்தும் ஆர்க்கியா எனப்படும் வேறுவகை நுண்ணுயிர்களிடமிருந்தும் அது மரபணுக்களைப் பெற்றுச் சேர்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். ஒரு குலத்தின் ஒரு கிளை 56 டிகிரியில் வாழ, இன்னொரு கிளை 34இல் சாகிறது. எனக்கு இதைவிட வியப்பான பாசிச் செய்தி கிடையாது.

"நெல்லுக்கும் பருத்திக்கும் செய்கிறார்கள். மரபணுவை மாற்றி, வெப்பம் தாங்கும் பாசியை ஏன் உருவாக்கக் கூடாது?"
– பொறியாளர், கோயம்புத்தூர்

இரண்டு தடைகள். ஒன்று அறிவின் தடை. சிவப்புப் பாசிகளில் காண்ட்ரஸ் கிரிஸ்பஸ் என்ற வட அட்லாண்டிக் பாசியின் மரபணுத்தொகுதி 2013இல் வெளியானது: சுமார் 10.5 கோடி டிஎன்ஏ எழுத்துகள், 9,606 மரபணுக்கள். கப்பாஃபைகஸின் தொகுதியும் பின்னர் படிக்கப்பட்டது. எழுத்துகளைப் படித்துவிட்டோம், ஆனால் எந்த மரபணுக்கள் சேர்ந்து சூட்டைத் தாங்கச் செய்கின்றன என்பது இன்னும் துலங்கவில்லை. சூடு தாங்குவது ஒற்றை மரபணுவின் வேலை கிடையாது. காவல் புரதங்கள், பெராக்சைடை முறிக்கும் நொதிகள், சவ்வின் கொழுப்பு, ஒளிச்சேர்க்கையின் பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்து நடப்பது.

மரபணுவை வெட்டி ஒட்டாமல், பழைய முறையில் இனக்கலப்புச் செய்யலாமே என்றால், பாசியின் வாழ்க்கைச் சுழற்சி இடம்கொடுப்பதில்லை. கப்பாஃபைகஸ் போன்ற சிவப்புப் பாசிக்கு மூன்று தலைமுறைகள் உண்டு. ஆண், பெண் செடிகள் ஒரு தலைமுறை. கருவுற்ற பெண் செடியின் மேலேயே ஒட்டி வளர்ந்து வித்து தருவது இரண்டாவது. அந்த வித்திலிருந்து தனிச்செடியாக வளர்ந்து, நான்கு நான்காக வித்துகளை விடுவது மூன்றாவது. ஆண் செல்லுக்கு நீந்தும் வால் கிடையாது, நீரோட்டம் கொண்டு சேர்க்க வேண்டும். கிராசிலேரியா பாசியில் சிறு கணுக்காலிகள் உடம்பில் ஆண் செல்களைச் சுமந்துபோய்ப் பெண் செடியில் சேர்க்கின்றன என்று பிரான்ஸின் ரோஸ்காஃப் ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். கடலடியில் தேனீ வேலை! பல பத்தாண்டுகளாகத் துண்டு துண்டாகவே பெருக்கப்பட்ட நம் வளர்ப்புப் பாசியோ வித்து விடுவதே அரிது.

வாழ்க்கைச் சுழற்சி தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ-பேக்கர், போர்ஃபைரா பாசியின் ஒரு தலைமுறை சிப்பி ஓட்டுக்குள் ஒளிந்து வாழ்கிறது என்று 1949இல் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான், நோரி என்ற பெயரில் ஜப்பானியர் உண்ணும் அந்தப் பாசியை வளர்ப்பவர்களால் வித்தைத் தாங்களே உண்டாக்கி வலையில் ஏற்ற முடிந்தது. உட்டோ நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, 'கடலின் தாய்' என்று இன்றும் வணங்குகிறார்கள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. அப்படி ஓர் ஆய்வு கப்பாஃபைகஸுக்குக் கைகூட வேண்டும் என்பது என் வேண்டுதல். திசு வளர்ப்பு நாற்றுகள் இப்போது கிடைக்கின்றன, அவை நோயற்ற, துடிப்பான விதை தருகின்றன. அதுவும் அதே செடியின் இன்னொரு பிரதிதான்.

இரண்டாவது தடை நம் கடல். 2008இல் குருசடைத் தீவில் கப்பாஃபைகஸ் பவளப்பாறைகளின் மேல் படர்ந்து மூடியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். அலையில் ஒடிந்த துண்டுகள் அங்கே வேர்கொண்டிருந்தன. 1927இலேயே எம்.ஓ. பார்த்தசாரதி அய்யங்கார் பாசிகளைப் பட்டியலிட்ட தீவு அது. இந்தியப் பாசியியல் பிறந்த இடம் என்றே நான் மாணவர்களுக்குச் சொல்வேன். சூடு தாளாமல் வெளுக்கும் பாசியே பவளத்தின் மேல் ஏறுகிறதென்றால், சூடு தாங்கும் பாசியை என்ன செய்வோம்? வளர்க்கும் இடங்களை அரசு 2005இலேயே வரையறுத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பாசியைக் கொண்டுவர 2024இல் வழிகாட்டு நெறிமுறைகளும் வந்துவிட்டன. தனிமைப்படுத்திச் சோதிக்காமல் எந்தப் புது விதையும் கடலில் இறங்கக் கூடாது. இதில் அவசரப்படுவோரை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

"வலைப்பாட்டிலும் அயல் கிராமங்களிலும் பாசி கட்டுகிறோம். ஆழமான இடத்துக்குப் போனால் வெக்கை குறையும் என்கிறார்கள். அது பலன் தருமா?"
– ஒரு வாசகர், கிளிநொச்சி

தரும், செலவும் கூடும். கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் சான்சிபார் தீவு அனுபவத்தைச் சொல்கிறேன். 1989இல் அங்கே பாசி வளர்ப்பு தொடங்கியது; பாஜே, ஜம்பியானி கரைகளில் பெண்கள்தாம் செய்தார்கள். முழங்கால் ஆழத்தில் மரக்குச்சி நட்டு, கயிறு கட்டி வளர்ப்பது அவர்கள் முறை. விலை கூடுதலான கப்பாஃபைகஸ், நீர் சூடேறியதால் 2000களில் பட்டுப்போகத் தொடங்கியது. பலர், சூட்டைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் ஸ்பைனோசம் பாசிக்கு மாறினார்கள், ஆனால் அதன் விலை பாதிதான். கடல் அறிவியலாளர் ஃபிளவர் எம்சுயா, குழாய்போன்ற வலைகளுக்குள் பாசியை அடைத்து ஆழமான நீரில் வளர்க்கும் முறையை அந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பாசி பிழைத்தது. ஆனால் ஆழத்துக்குப் போகப் படகு வேண்டும், நீச்சல் தெரிய வேண்டும். அந்தப் பெண்களில் பலருக்கு இரண்டும் இல்லை. ஆழத்துக்குப் போகும் திட்டம் போடும்போது, உங்கள் ஊர்ப் பெண்கள் தொழிலிலிருந்து வெளியேறும்படி ஆகிவிடக் கூடாது. படகுக்கும் நீச்சல் பயிற்சிக்கும் பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள்.

இன்னொன்றும் அங்கிருந்து அறியலாம். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் காட்டுக் கப்பாஃபைகஸ், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வளர்ப்புப் பாசியிலிருந்து மரபில் வேறானது என்று டிஎன்ஏ காட்டுகிறது. அந்த மண்ணுக்குரிய பாசியை வளர்ப்புக்குக் கொண்டுவர இப்போது முயல்கிறார்கள்.

"நான் சிறுவயதிலிருந்து தீவுகளில் மரிக்கொழுந்து எடுப்பவள். முன்பு ஒரு மணி நேரத்தில் நிறையும் பை இப்போது நாள் முழுவதும் மூழ்கினாலும் நிறைவதில்லை. வெயிலா, நாங்களா காரணம்?"
– ஒரு வாசகி, பாம்பன்

அக்கா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கல்லுக்குக் கல் மூச்சடக்கி மூழ்கும் உங்கள் போன்றவர்களை நான் கரையில் நின்று பார்த்தவள். கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால், இரண்டும்தான். மரிக்கொழுந்து மெதுவாக வளரும் பாசி. கல்லில் படர்ந்திருக்கும் அடித்தண்டிலிருந்து அது மறுபடி துளிர்க்கும், அடியோடு பிடுங்கிவிட்டால் துளிர்க்க ஒன்றும் இருக்காது. பவளம் செத்துக் கல் நொறுங்கினால் ஒட்டிக்கொள்ள இடமும் போய்விடும். கம்பெனிகள் கேட்ட அளவுக்கெல்லாம் எடுத்தோம் என்பதும் உண்மை. அதற்கு உங்களை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; மதுரைப் பக்கத்து அகார் ஆலைகளுக்குப் பல பத்தாண்டுகளாகச் சரக்கு கொடுத்தவர்களுக்கு, மாற்றுத் தொழில் என்று யாரும் எதையும் கொடுக்கவில்லை.

உங்கள் கரைப் பெண்கள் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதை நான் எல்லா இடத்திலும் சொல்லி வருகிறேன். சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது இந்தப் பணிக்காகத்தான். அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிடாதீர்கள். அடித்தண்டை விட்டு மேல்தழையை மட்டும் கிள்ளுங்கள்.

மேலே தூத்துக்குடி மாணவருக்கு எழுதியதை உங்கள் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மிதவையில் வளர்ப்பது ஒரே செடி. தீவுக் கல்லில் நீங்கள் விட்டுவைக்கும் மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அப்படி அல்ல, அவற்றில் ஆண் உண்டு, பெண் உண்டு, வித்து உண்டு. வெயிலில் காயும் கல்லில் பிழைத்தது ஒன்று, ஆழத்தில் பிழைத்தது இன்னொன்று. நாளை நம் கடலுக்கு ஏற்ற, சூடு தாங்கும் பாசியைத் தேடி யாராவது வந்தால் அந்தக் கற்களிடம்தான் வர வேண்டும். எந்தக் கல்லில் கோடையிலும் மரிக்கொழுந்து வெளுக்காமல் நிற்கிறது என்று உங்களுக்கு நிச்சயம் தெரியும். அந்த இடங்களை எனக்கு எழுதி அனுப்புங்கள். மண்டபத்தில் ஆய்வு செய்யும் என் பழைய மாணவிகள் உங்களோடு படகில் வரத் தயாராக இருக்கிறார்கள், உங்கள் கூலியையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.